மகளுக்குப் புழுவெட்டு: முடி திரும்ப வருமா, ஊசி போடலாமா, புது மாத்திரை தேவையா?

ஒரு தாயின் கேள்வி இது. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான்கு மாதத்துக்கு முன் அவள் பின்னந்தலையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு முடி கொட்டி அந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. இப்போது நான்கு இடங்களில் அப்படி இருக்கிறது. தோல் மருத்துவர் இரண்டு முறை ஊசி போட்டிருக்கிறார். ஊசி போட்ட இடங்களில் வெள்ளை வெள்ளையாக முடி முளைக்கிறது. மாமியார் சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்கிறார். தெரிந்த ஒருவர் 'டோஃபா' என்ற மாத்திரை சாப்பிட்டால் முழுசாக வந்துவிடும் என்கிறார். தலை முழுக்கக் கொட்டிவிடுமா, இது பரம்பரையா, நாங்கள் கவனிக்காமல் விட்டதால் வந்ததா?

நான் தோல் மருத்துவர். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இரவில் தூங்கவிடாமல் செய்வது அதுதான். நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை. எண்ணெய் மாற்றியது, ஷாம்பு, போர் தண்ணீர், தலைக்குக் குளித்து ஈரத்தோடு பின்னியது எதுவும் காரணமில்லை. இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்தில் முடி குறையும், ஆனால் அது வேறு பிரச்சினை. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. ஒருவர் சீப்பிலிருந்து மற்றவருக்கு ஒட்டாது. அவள் தங்கையோடு ஒரே தலையணையில் படுக்கலாம்.

மருத்துவத்தில் இதற்கு அலோபீசியா ஏரியேட்டா என்று பெயர். 100 பேரில் சுமார் 2 பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருகிறது. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த முடிவேரையே எதிரியென்று நினைத்துத் தாக்குவதால் வருவது. வளர்ந்துகொண்டிருக்கும் முடியின் அடிக்குமிழுக்கு உடலில் ஒரு தனிச் சலுகை உண்டு. தன்னை அடையாளம் காட்டும் புரதங்களை அது மிகக் குறைவாகவே வெளியில் காட்டும், அதனால் எதிர்ப்புச் செல்கள் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகும். ஏதோ ஒரு காரணத்தால் அந்தச் சலுகை கலைகிறது. உடனே சிடி8 வகை டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் குமிழைச் சுற்றி மொய்க்கின்றன. நுண்ணோக்கியில் பார்க்கும் நோயியல் மருத்துவர்கள் இதைத் தேனீக் கூட்டம் என்றே வர்ணிப்பார்கள், பார்க்க அப்படித்தான் இருக்கும். முடி பாதி வளர்ச்சியில் நின்று, மெலிந்து, உடைந்து விழுகிறது.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தாக்குதல் நடப்பது வேரின் அடியில். புது முடியை உருவாக்கும் மூலச்செல்கள் இருப்பதோ அதற்கு மேலே, எண்ணெய்ச் சுரப்பிக்குக் கொஞ்சம் கீழே ஒரு புடைப்பில். அவற்றுக்குச் சேதமில்லை. ஆகவே எத்தனை மாதம் வழுக்கையாக இருந்தாலும் அந்த வேர் உயிரோடு இருக்கிறது, தாக்குதல் ஓய்ந்தால் மறுபடி முளைக்கும். லூபஸ், லைக்கன் பிளானோபைலாரிஸ் போன்ற வேறு சில நோய்களில் தாக்குதல் அந்த மேல்புடைப்பிலேயே நடக்கிறது. அங்கே தழும்பு விழுந்து, முடித்துளையே மூடிவிடும், போன முடி வராது. அதனால்தான் சொட்டை விழுந்த எவரையும் பார்த்தவுடன் நாங்கள் முதலில் தேடுவது துளைகள் தெரிகின்றனவா என்பதை. உங்கள் மகளுக்கு முடி முளைக்கத் தொடங்கிவிட்டது என்றால் அந்தக் கேள்விக்கு அந்த இடங்களே பதில் சொல்லிவிட்டன.

வெள்ளை முடி பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்தத் தாக்குதல் பெரும்பாலும் நிறமுள்ள முடியைத்தான் குறிவைக்கிறது, நரைமுடியைப் பல நேரம் விட்டுவிடுகிறது. நடுத்தர வயதுக்காரர் ஒருவருக்கு இந்த நோய் வேகமாகப் பரவினால் கறுப்பெல்லாம் கொட்டி நரை மட்டும் மிஞ்சும். ஒரே வாரத்தில் தலை நரைத்துவிட்டது என்று சொல்லப்படும் கதைகள் சிலவற்றின் பின்னணி இதுவாக இருக்கலாம். மீண்டு வரும் வேரும் முதலில் நிறமில்லாத மெல்லிய முடியைத்தான் அனுப்பும். சில மாதங்களில் பெரும்பாலும் கறுத்துவிடும். வெள்ளை முளைப்பது மருந்தின் பக்கவிளைவு அல்ல, அந்த முடியைப் பிடுங்கவோ வெட்டவோ வேண்டாம்.

அடுத்து, நோய் சரியாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறதா என்பது. உங்கள் மருத்துவர் பார்த்திருப்பார், இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தைகளுக்குத் தலையில் படைத்தொற்று வந்தாலும் வட்டமாக முடி போகும். ஆனால் அங்கே செதில் இருக்கும், அரிப்பு இருக்கும், முடி முறிந்து குச்சி குச்சியாக நிற்கும், சில நேரம் சீழ் கட்டும். அதற்கு வாய்வழி பூஞ்சைக்கொல்லி மாத்திரை வேண்டும், அங்கே போய் ஸ்டீராய்டு தடவினால் படை பரவும். தானே முடியைச் சுருட்டிப் பிடுங்கும் பழக்கமுள்ள குழந்தைகளுக்கு விளிம்பு கோணல்மாணலாக இருக்கும், வேறு வேறு நீளத்தில் முடி நிற்கும். புழுவெட்டில் தோல் வழவழப்பாக, செதிலில்லாமல் இருக்கும். விளிம்பில் நுனி தடித்து அடி மெலிந்து ஆச்சரியக்குறி போல நிற்கும் குட்டை முடிகள் தெரியும். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வைத்துப் பார்த்தால் மஞ்சள் புள்ளிகளும் கரும்புள்ளிகளும் தெரியும். பெரும்பாலும் இதற்கு மேல் தோலை வெட்டிப் பரிசோதிக்கத் தேவையில்லை.

ரத்தப் பரிசோதனையைப் பொறுத்தவரை தைராய்டு பார்த்துவிடுவது நல்லது, இந்த நோய் உள்ளவர்களுக்கு தைராய்டு கோளாறு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது. வெண்புள்ளி, சிறுவயது ஆஸ்துமா, எக்ஸிமா இருக்கிறதா என்றும் கேட்போம். வயதுக்கு வந்த பெண் என்பதால் ஹீமோகுளோபினும் இரும்புச் சேமிப்பும் பார்க்கலாம். குறைவாக இருந்தால் சரிசெய்ய வேண்டும், ஆனால் அதைச் சரிசெய்தால் இந்தச் சொட்டை மறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயோடின் மாத்திரை இதற்கு உதவுவதாக ஆதாரமில்லை. அதிக அளவில் பயோடின் எடுத்தால் தைராய்டு பரிசோதனையின் முடிவு தப்பாக வரும் என்பதால், ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தம் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தலை முழுக்கக் கொட்டிவிடுமா? பெரும்பாலானவர்களுக்கு இல்லை. ஒன்றிரண்டு, நான்கைந்து வட்டங்களோடு தொடங்குபவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வரை ஓராண்டுக்குள் எந்த மருந்தும் இல்லாமலே தேறுகிறார்கள். 100-ல் 5 முதல் 10 பேருக்கு அது தலை முழுவதும், அல்லது புருவம், இமை, உடல் முடி என்று பரவலாம். மிகச் சின்ன வயதில் தொடங்கியது, காதுக்குப் பின்னாலிருந்து பிடரி வரை பட்டையாகப் போவது, நகங்களில் ஊசிமுனை போலக் குழிகள், கூடவே எக்ஸிமா, குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருப்பது ஆகியவை இருந்தால் நாங்கள் கூடுதல் கவனத்தோடு இருப்போம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழுக்கத் தேறிய பிறகும் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்துத் திரும்ப வரலாம், பலருக்கு வருகிறது. 'நிரந்தரத் தீர்வு' என்று எவராவது விளம்பரம் செய்தால் அந்தச் சொல்லுக்காகவே அவரிடம் போகாதீர்கள்.

இந்த நோயில் பணம் வீணாவது எங்கே என்று எனக்குத் தெரியும். முடி தானாக வரக்கூடிய நோய் என்பதால், வந்த நேரத்தில் எதைத் தடவிக்கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஒரு வீட்டில் பூண்டு, இன்னொரு வீட்டில் ஆற்றுத்தும்மட்டிக்காய், வேறொரு வீட்டில் ஆயிரக்கணக்கில் விலை சொன்ன எண்ணெய். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தடவாமல் விட்ட தலையில் என்ன நடந்திருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஓர் அழகான விடை உண்டு. ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஹாப்பிளும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-ல் டிபிசிபி என்ற வேதிப்பொருளை இந்த நோய்க்குப் பயன்படுத்தியதைப் பற்றி எழுதினார்கள். அதைத் தலையில் மிகக் குறைந்த அளவில் வாரம் ஒரு முறை தடவி, லேசான ஒவ்வாமைப் புண்ணை வேண்டுமென்றே உண்டாக்குவார்கள். அந்த ஒவ்வாமை எதிர்ப்புச் செல்களின் போக்கை மாற்றிவிட, வேரின் மேலான தாக்குதல் தணியும். முதலில் தலையின் ஒரு பாதியில் மட்டும் தடவுவார்கள். அந்தப் பாதியில் மட்டும் முடி வந்தால் மருந்தின் வேலை, இரண்டு பாதியிலும் சேர்ந்து வந்தால் உடல் தானே தேறுகிறது. மருந்துக்கு உரிய பெயரை மருந்துக்கே கொடுப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. இன்றைக்கும் பரவலாக முடி போனவர்களுக்குச் சில மருத்துவமனைகளில் டிபிசிபி தடவுகிறார்கள்.

இப்போது உங்கள் மாமியாரின் வெங்காயத்துக்கு வருகிறேன். அவர் சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. 2002-ல் ஈராக் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றைத் தினம் இரண்டு வேளை தடவிப் பார்த்தார்கள். 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் 2 பேருக்குத்தான் முளைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வு மிகச் சிறியது, வாசனையால் யார் எதைத் தடவுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். வெங்காயம் தோலை எரிச்சல்படுத்தி டிபிசிபி செய்வதைப் போன்ற ஒன்றை லேசாகச் செய்யலாம் என்பது ஓர் ஊகம். என் தீர்ப்பு: ஊசி போட்டுப் பலன் தெரியும் இடத்தில் அது வேண்டாம். ஸ்டீராய்டு போட்ட தோல் மெலிந்திருக்கும், எரிச்சல் புண்ணாகிவிடும். அத்தோடு, பள்ளிக்குப் போகும் பெண் தலையில் வெங்காய வாசனையோடு உட்கார வேண்டியிருப்பதையும் யோசியுங்கள். மாமியாரிடம் இதைப் பதமாகச் சொல்லுங்கள், அவருடைய அக்கறை உண்மையானது.

வெங்காயத்தில் காட்டிய பொறுமையை நேர்வாளங்கொட்டை விஷயத்தில் காட்ட மாட்டேன். அதை அரைத்துப் பூசும் வைத்தியம் கைபேசியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது தோலைக் கொப்பளிக்க வைக்கும் நஞ்சு, வயிற்றுக்குள் போனால் கடுமையான பேதி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை வைத்திருக்கவே கூடாது. அதேபோல் சொரசொரப்பான துணியால் ரத்தம் கசியும் வரை தேய்த்துவிட்டுப் பூசுவதும் வேண்டாம். உயிரோடு இருக்கும் வேரை நாமே தழும்பாக்கிவிடுவோம். இந்த நோய் செய்யாத நிரந்தரச் சேதத்தை வைத்தியம் செய்துவிடும்.

உங்கள் மருத்துவர் போடும் ஊசி பெரும்பாலும் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு. ஓரிரு இடங்களில் மட்டும் இருக்கும் நோய்க்கு நாங்கள் அதிகம் நம்புவது இதைத்தான். தோலுக்குள் சிறு சிறு துளியாக நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை போடுவோம். அளவு மிகக் குறைவு, போட்ட இடத்திலேயே பெரும்பாலும் வேலை செய்கிறது. மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டோடு இதைச் சேர்த்துப் பயப்படத் தேவையில்லை. வலிக்கும் என்பது உண்மை. மரத்துப்போகச் செய்யும் களிம்பை முன்கூட்டியே தடவிவிட்டுப் போகலாமா என்று கேளுங்கள். சில இடங்களில் சின்னப் பள்ளம் விழும், பெரும்பாலும் சில மாதங்களில் நிரம்பிவிடும். பள்ளம் இருக்கும் இடத்தில் அடுத்த முறை போடாமல் தள்ளிவைப்போம். ஆறு மாதம் முறையாகப் போட்டும் ஒன்றும் முளைக்காவிட்டால் அதையே தொடர்வதில் பொருளில்லை. ஊசிக்கு அழும் சின்னக் குழந்தைகளுக்கு குளோபெட்டாசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பை, வாரத்தில் சில நாள் இடைவெளி விட்டுத் தடவச் சொல்வோம். மினாக்சிடில் என்ற, தலையில் தடவும் மருந்தைத் துணைக்குச் சேர்ப்பதுண்டு. தாக்குதலை அது நிறுத்தாது, முளைத்த முடியை வளர்க்க உதவும். கழுத்து, கன்னம் வழியாக வழிந்தால் அங்கேயும் பூனைமுடி வளரும் என்பதால் பெண்பிள்ளைகளுக்கு அளவாகத் தடவ வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரை வேகமாகப் பரவும்போது தடுத்து நிறுத்தக் குறுகிய காலம் கொடுக்கப்படுகிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கொடுக்கும் முறை நம் நாட்டில் பழக்கத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் நீட்டினால் முகம் வீங்கும், எடை கூடும், வளரும் வயதில் உயரம் தடைப்படும். நிறுத்தியதும் வந்த முடி பலருக்குத் திரும்பக் கொட்டும். நான்கு வட்டங்களுக்கு அது தேவையில்லை.

டோஃபா என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது டோஃபாசிட்டினிப். இந்த வகை மருந்துகள் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வாளராக இருக்கும் ஏஞ்சலா கிறிஸ்டியானோவுக்கே புழுவெட்டு வந்தது. அவர் தன் ஆராய்ச்சியை அந்தப் பக்கம் திருப்பினார். 2010-ல் அவருடைய குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்டது. தோல் நோய்களோடு உறவு தெரியும் என்று எதிர்பார்த்த இடத்தில், முதல் வகை சர்க்கரை நோய், முடக்குவாதம், குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் ஆகியவற்றோடு உறவு தெரிந்தது; இவையும் உடல் தன்னையே தாக்கும் நோய்கள்தான். தாக்கும் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ஜேக் என்ற நொதிகளின் வழியாக. அவற்றைத் தடுக்கும் மருந்து முடக்குவாதத்துக்கென ஏற்கெனவே தயாராக இருந்தது. 2014-ல் கிறிஸ்டியானோவின் குழு எலிகளிலும் சில நோயாளிகளிடமும் இந்த வகை மருந்துகள் பலிப்பதைக் காட்டியது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், உடலில் ஏறக்குறைய முடியே இல்லாதிருந்த 25 வயது இளைஞர் ஒருவருக்கு டோஃபாசிட்டினிப் கொடுத்து எட்டு மாதத்தில் தலைமுடி, புருவம், தாடி எல்லாம் வளர்ந்ததை வெளியிட்டார்கள்.

அதன் பிறகு வேகமாக நடந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூனில் இதே வகையைச் சேர்ந்த பாரிசிட்டினிப்பைப் பெரியவர்களுக்கும், 2023 ஜூனில் ரிட்லெசிட்டினிப்பை 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும், 2024-ல் டியூருக்சோலிட்டினிப்பைப் பெரியவர்களுக்கும் அனுமதித்தது. மூன்றுமே தீவிர நோய்க்கு. சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் தலையில் பாதியாவது முடி இழந்தவர்கள். பாரிசிட்டினிப் 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் 36 வாரத்தில் 100-க்கு 36 முதல் 39 பேருக்குத் தலையின் ஐந்தில் நான்கு பங்காவது முடியால் மூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 3 முதல் 6 பேர்தான். கடுமையான நோய்க்கு இதற்கு முன் இப்படி எதுவும் இருந்ததில்லை. அதே எண்ணை மறுபக்கமாகவும் படியுங்கள்: அந்த 36 வாரத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த அளவு முடி வரவில்லை.

நம் ஊரில் டோஃபாசிட்டினிப் மலிவாகக் கிடைப்பதால் மருத்துவர்கள் தீவிர நோய்க்குத் தங்கள் பொறுப்பில் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் தொடங்குவதற்கு முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை, மறைந்திருக்கும் காசநோய் இந்த மருந்தில் விழித்துக்கொள்ளலாம். மஞ்சள் காமாலைக் கிருமிகள், ரத்த அணுக்கள், ஈரல், கொழுப்பு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் தொடக்கம், பிறகு தொடர்ந்து பரிசோதனை. கடுமையான தொற்று, ரத்த உறைவு, மாரடைப்பு, புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை இந்த வகை மருந்துகளின் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. இளையவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. பருவப் பிள்ளைகளுக்கு முகப்பரு பெருகும். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளை மருந்து ஓடும்போது போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பக் கொட்டுகிறது. அப்படியென்றால் 14 வயதில் தொடங்கி எத்தனை ஆண்டு?

நான்கு வட்டங்கள், ஊசிக்குக் கேட்கும் நோய். உங்கள் மகளுக்கு இப்போது அந்த மாத்திரை வேண்டாம். தெரிந்தவர் சொன்னார் என்று மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒருவேளை பின்னால் பாதித் தலைக்கு மேல் பரவினால், புருவமும் இமையும் போனால், அப்போது இதைப் பேசலாம். அப்போது பயப்படாமல் பேசலாம் என்பதும் எனக்கு முக்கியம். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் அந்த நிலையிலிருந்த பிள்ளைகளிடம் சொல்ல எங்களிடம் அதிகம் இருக்கவில்லை.

பரம்பரையா என்றால் ஓரளவு. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும், ஆனால் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது. மன அழுத்தம் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆதாரம் அத்தனை உறுதியாக இல்லை. நோய் அழுத்தத்தைத் தருகிறது என்பது மட்டும் மிக உறுதி. ஆகவே 'நீ கவலைப்படுவதால்தான் கொட்டுகிறது' என்று அவளிடம் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவலைப்பட்டதற்காகவும் அவள் கவலைப்படத் தொடங்குவாள்.

வீட்டில் பெரியவர்கள் இதைக் கல்யாணத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். அவள் காதுபட அந்தப் பேச்சு வேண்டாம். வகுப்பு ஆசிரியையிடம், இது தொற்றுநோய் இல்லை என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். இரட்டைப் பின்னல்தான் போட வேண்டும் என்ற விதி இருந்தால் ஒற்றைப் பின்னலோ கொண்டையோ போட அனுமதி கேளுங்கள், வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து வகிட்டை மாற்றலாம். மறைக்க வேண்டுமா, தோழிகளிடம் சொல்ல வேண்டுமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். சாப்பாடு குறைந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், அறைக்குள்ளேயே இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். முடி வரட்டும், அப்புறம் சரியாகிவிடுவாள் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போவதற்கு முன், நான்கு இடங்களையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் எடுங்கள். எந்த இடத்தில் ஊசி போட்டது, எந்த இடத்தில் போடவில்லை என்று குறித்து வையுங்கள். போடாத இடத்திலும் முடி முளைத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஊசியின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். நெயில் பாலிஷ் போட்டிருந்தால் அழித்துவிட்டுக் கூட்டிப்போய் அவள் நகங்களையும் காட்டுங்கள்.